வயிற்றின் மேல் ஒரு கை

மேசைக்கு மேலே ஆறேழு திரைகள். ஒன்றில் இதயத்தின் முப்பரிமாணப் படம் பச்சையும் ஊதாவுமாக மெல்லச் சுழல்கிறது. இன்னொன்றில் ஈசிஜி கோடுகள் ஓடுகின்றன. நோயாளியின் தொடை இடுக்கில் போட்ட ஊசித்துளை வழியாக ஏறிப்போன குழாய், இதயத்தின் இடது மேலறைக்குள் ஒரு சின்ன பலூனை விரித்திருக்கிறது. நுரையீரலிலிருந்து ரத்தம் வந்து சேரும் சிரையின் வாயில் அந்தப் பலூன் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் நைட்ரஸ் ஆக்சைடைப் பாய்ச்ச, வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே நாற்பது, ஐம்பது டிகிரி என்று இறங்குகிறது. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகள் நிறைந்த இந்த அறையில் ஒரு நர்ஸ், நோயாளியின் வலது விலா எலும்புகளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் சும்மா நிற்கவில்லை. அந்த நேரத்தில் அதுதான் அவருடைய வேலை.

மூச்சை இழுத்து விடும் தசைத் தகடான உதரவிதானத்துக்குக் கட்டளை கொண்டுபோவது ஃபிரெனிக் நரம்பு. வலப்பக்கத்து ஃபிரெனிக் நரம்பு, பலூன் அடைத்திருக்கும் சிரைக்கு மிக அருகில் ஓடுகிறது. குளிர் சற்று ஆழமாகப் பாய்ந்தால் நரம்பும் உறையும், உதரவிதானத்தின் ஒரு பாதி செயலிழக்கும். அதனால் பலூன் குளிரும் நேரமெல்லாம், கழுத்துப்பக்கமிருந்து இறங்கும் பெரிய சிரையில் இன்னொரு குழாயை வைத்து அந்த நரம்பை மின்சாரத்தால் விட்டுவிட்டுத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் உதரவிதானம் விக்கல் போல ஒருமுறை உதைக்கும். அந்த உதையின் பலத்தைத்தான் நர்ஸின் உள்ளங்கை எடைபோடுகிறது. உதை கொஞ்சம் தளர்ந்தாலும் “குறையுது” என்று குரல் கொடுப்பார். அடுத்த விநாடியே மருத்துவர் குளிரை நிறுத்துவார். நரம்பு முழுதாகச் செயலிழந்த பிறகு நிறுத்திப் பயனில்லை. தளரத் தொடங்கும்போதே பிடிக்க வேண்டும். அதை மின் அலைகளாக அளக்கும் வழியும் உண்டு. அது வந்த பிறகும் பல இடங்களில் கை அங்கேயே இருந்தது.

இதயத் தாளத்தைச் சரிசெய்யும் இந்த அறையை மருத்துவமனைக்காரர்கள் ‘ஈ.பி. லேப்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அங்கே ஒரு நர்ஸ் “நிறுத்துங்கள்” என்று சொன்னால் மருத்துவர் உடனே நிறுத்துகிறார் அல்லவா, அந்த உரிமை லேசில் வந்ததல்ல. அதன் வேர் 1960களின் தொடக்கத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவரைப் பொது வார்டில் படுக்கவைத்து, அசையாதே என்று வாரக்கணக்கில் ஓய்வு கொடுப்பார்கள். முதல் ஓரிரு நாளில் சிலர் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடுவார்கள். பலமுறை அப்படிப் போனதற்குக் காரணம் இதயம் பழுதாகிப் போனதல்ல, தாளம் கலைந்ததுதான். கீழறையின் தசைநார்கள் ஒன்றாகச் சுருங்காமல், ஒவ்வொன்றும் தன்போக்கில் நடுங்கத் தொடங்கிவிடும். இசைக்குழுவில் நூறு பேரும் வாசிக்கிறார்கள், ஆளுக்கொரு தாளத்தில். சத்தம் இருக்கும், பாட்டு இருக்காது. இதயம் துடிதுடிக்கும், ரத்தம் நகராது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். சில விநாடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும்.

மருந்து என்னவென்று அதற்குள் தெரிந்துதான் இருந்தது. 1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர், 14 வயதுச் சிறுவனின் திறந்த மார்புக்குள் நேரடியாக மின்சாரம் கொடுத்து இதயத்தைத் தாளத்துக்குக் கொண்டுவந்தார். 1956-ல் பால் ஸோல், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்தே அதைச் செய்யலாம் என்று காட்டினார். 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கோவன்ஹோவனும் அவருடைய சகாக்களும், வெறும் கையால் மார்பை அழுத்தியே ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று எழுதினார்கள். வித்தை கைக்கு வந்துவிட்டது. ஆனால் வித்தை தெரிந்தவர் படுக்கையருகே இல்லை. ஷாக் கொடுப்பதில் ஒவ்வொரு நிமிடம் தாமதிக்கும்போதும், மார்பை யாரும் அழுத்தாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வேறொரு கட்டடத்தில் தூங்கும் மருத்துவரை எழுப்பிக் கூட்டிவர எத்தனை நிமிடம் ஆகும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எடின்பரோவில் இருந்த டெஸ்மண்ட் ஜூலியன் 1961-ல் லான்செட் இதழில் ஒரு யோசனையை முன்வைத்தார். மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள், ஈசிஜியை விடாமல் ஓடவிட்டு அதோடு அலாரத்தை இணையுங்கள், மருத்துவர், நர்ஸ், உதவியாளர் என்று எல்லோருக்கும் மார்பு அழுத்தக் கற்றுக்கொடுங்கள் என்றார். இன்று இதில் என்ன பெரிய யோசனை என்று தோன்றும். எல்லா நல்ல யோசனைக்கும் அறுபது வருடம் கழித்து நேரும் கதிதான் இது.

1962 மே மாதம், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து கான்சாஸ் சிட்டியில் பெத்தனி மருத்துவமனையில் ஹியூஸ் டே என்ற மருத்துவர் இதய நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு திறந்தார். அவசரத்துக்கு வேண்டியதையெல்லாம் ஏற்றித் தள்ளிக்கொண்டு ஓடும் வண்டி ஒன்று அங்கே இருந்தது. மூச்சுக்குழாய், கையால் அழுத்தும் காற்றுப்பை, ஷாக் கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரின் தட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. கூடவே ஒரு பலகையும். மெத்தையில் கிடப்பவரின் மார்பை அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும் என்பதால், முதுகுக்கு அடியில் செருகுவதற்கு அந்தப் பலகை. ஒரு மருத்துவரின் அப்பா அந்த வண்டியைச் செய்துகொடுத்தார் என்பார்கள். ‘கோட் ப்ளூ’ என்ற அறிவிப்பும் அங்கே பிறந்ததாகவே சொல்வார்கள்.

வண்டியும் அலாரமும் வந்தாயிற்று. பெரிய கேள்வி அப்படியே நின்றது. அலாரம் அடித்ததும் யார் பொத்தானை அழுத்துவது?

அன்றைய வழக்கப்படி நர்ஸ் நாடி பார்க்கலாம், ரத்த அழுத்தம் எழுதலாம், மருத்துவருக்குச் சொல்லி அனுப்பலாம். திரையில் ஓடும் கோட்டைப் பார்த்து ‘இது இன்ன தாளம்’ என்று பெயர் சொல்வது நோயை நிர்ணயிப்பதாகும். அது மருத்துவரின் வேலை. மின்சாரம் கொடுப்பதும் அப்படியே. ஆனால் இருபத்துநான்கு மணி நேரமும் படுக்கையருகே இருப்பவர் நர்ஸ். நாலு நிமிடத்துக்குள் செய்யவேண்டியதைச் செய்யும் உரிமை, அந்த நாலு நிமிடத்துக்குள் வந்து சேர முடியாதவரிடம் இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஃபிலடெல்ஃபியாவின் பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் இருந்த இருவர். ஒருவர் லாரன்ஸ் மெல்ட்ஸர் என்ற இதய மருத்துவர், மற்றவர் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸ். கருவிகளை நம்பி ஒரு பிரிவு நடத்த முடியாது, பயிற்சி பெற்ற நர்ஸை நம்பித்தான் நடத்த முடியும் என்பதே அவர்கள் கண்டது. ஈசிஜி கோட்டைப் படிக்க நர்ஸுகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவர் வருமுன்னே ஷாக் கொடுக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். 1965-ல் அவர்கள், கிட்செல் என்ற மருத்துவரோடு சேர்ந்து, இதயத் தீவிரப் பராமரிப்பு பற்றி நர்ஸுகளுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இப்படிப்பட்ட பிரிவுகள் ஊருக்கு ஊர் திறக்க, அங்கே வேலை பார்த்த நர்ஸுகள் 1969-ல் அமெரிக்காவில் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த நாளில் இப்பிரிவுகளின் பெரிய ஆயுதமாகக் கருதப்பட்டது லிடோகெய்ன் என்ற மருந்து. கோட்டில் அங்கங்கே முந்திக்கொண்டு விழும் துடிப்புகள் தெரிந்தால், பெரிய ஆபத்து வருமுன் தடுக்க அதை ஊசியில் ஏற்றுவார்கள். பிறகு ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, முன்கூட்டியே கொடுப்பதால் உயிர் காப்பாற்றப்படுவதாகத் தெரியவில்லை. அந்த வழக்கம் மெல்ல மறைந்தது. மருந்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள், அது போய்விட்டது. படுக்கையருகே கோடு படிக்கத் தெரிந்த ஒருவரை நிறுத்தியது மட்டும் தங்கிவிட்டது.

அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில், கலைந்த தாளத்தை அடக்குவதோடு நில்லாமல், கலைக்கும் இடத்தையே தேடிப்போய்ச் சுடும் காலம் வந்தது. 1982-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் குழு குழாய் வழியாக மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்துக்குள் ஒரு மின்பாதையைத் துண்டித்தது. 1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஹைசகேரும் சகாக்களும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறை நடுக்கம் எங்கிருந்து பொறி தட்டுகிறது என்று 45 பேரிடம் தேடினார்கள். கண்டுபிடித்த பொறிகளில் நூற்றுக்கு 94, மேலறைக்குள்ளேயே இல்லை, அதில் வந்து சேரும் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த பலூன் ஏன் அந்தச் சிரையின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது என்பதற்கு விடை இதுதான். சிரைக்கும் மேலறைக்கும் நடுவில், சூட்டாலோ குளிராலோ, வட்டமாக ஒரு வேலி போடுகிறார்கள்.

இந்த வேலி போடும் இரண்டு மூன்று மணி நேரத்தில் நர்ஸின் கண் எத்தனை இடத்தில் இருக்க வேண்டியிருக்கிறது! ஈயம் கோத்த மேலங்கியின் பாரத்தோடு நின்றபடி அவர் பார்ப்பதில் முதலாவது ரத்தம். இடது மேலறைக்குள் குழாய் இருக்கும்போது ஒரு சின்ன ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க ஹெபரின் ஏற்றி, ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அடிக்கடி அளக்கிறார்கள். அந்தச் சோதனையில் சாதாரண ரத்தம் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் உறைந்துவிடும். இங்கே 300 விநாடிக்குக் குறையக்கூடாது. குறைந்தால் கட்டி உருவாகும் ஆபத்து, எல்லை தாண்டிக் கூடினால் ரத்தம் கசியும் ஆபத்து.

அப்படிக் கசிவு நேர்வது மிகக் குறைவு, நேர்ந்தால் அவகாசமும் மிகக் குறைவு. இதயச் சுவரில் நுண்ணிய ஓட்டை விழுந்தால், இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் தேங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. உறை விரியாது. அதனால் இதயம்தான் நெரிபடும். திரையில் முதலில் தெரிவது ரத்த அழுத்தத்தின் சரிவு. ஆனால் மயக்க மருந்தாலும் அழுத்தம் சரியும், பயத்தாலும் சரியும். இது அதுவா, இதுவா என்று யோசிக்கும் அந்த அரை நிமிடத்தில், நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி போட்டு ரத்தத்தை உறிஞ்சும் தட்டு எந்த அலமாரியில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று யோசிக்கக்கூடாது. ஹெபரினை முறிக்கும் புரோட்டமின் எங்கே என்று தேடக்கூடாது. நல்ல குழுவில் சொல்லி முடிப்பதற்குள் கைக்கு வந்திருக்கும்.

சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த பிறகு, தொடையில் துளைபோட்ட காலை மடக்காமல் சில மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும். “முதுகு வலிக்குது சிஸ்டர்” என்பார் நோயாளி. கட்டாந்தரை போன்ற மேசையில் அசையாமல் கிடந்தவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? பெரும்பாலோருக்கு அதுதான். அபூர்வமாக ஒருவருக்கு, தொடைச் சிரையிலோ தமனியிலோ நேர்ந்த கசிவு வெளியே தெரியாமல் அடிவயிற்றின் பின்புறம் தேங்கி, முதுகுவலியாகக் காட்டும். தலையணை கொடுத்துவிட்டுப் போகும் நர்ஸுக்கும், தலையணை கொடுத்துக்கொண்டே நாடியைத் தொட்டுப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, நெற்றி வியர்த்திருக்கிறதா என்று பார்க்கும் நர்ஸுக்கும் உள்ள வேறுபாடு எந்தச் சான்றிதழிலும் வராது.

இன்னும் நுட்பமானது, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வரும் தொலைபேசி. இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் இறங்குகிறது. உள்ளே சுட்ட சூடு அதையும் தொட்டிருந்தால், இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டுக்கும் நடுவே ஒரு துளை விழலாம். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட நேராது, ஆனால் நேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. அது எப்படித் தொடங்கும் தெரியுமா? லேசான காய்ச்சல், விழுங்கும்போது வலி, உடம்பு அசதி. வீட்டுப் பக்கத்து மருத்துவர் தொண்டைப் புண் என்று மாத்திரை கொடுப்பார். இன்னும் அக்கறையானவர் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வார். அதுதான் கூடவே கூடாது. எண்டோஸ்கோப்பியின்போது உள்ளே ஊதும் காற்று அந்தத் துளை வழியாக இதயத்துக்குள் புகுந்து மூளைக்கு ஏறிவிடும். எடுக்கவேண்டியது சி.டி. ஸ்கேன். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பும்போது, “ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சல், விழுங்கும்போது வலி, கைகால் இழுப்பு, எது வந்தாலும் வேற எங்கயும் போறதுக்கு முன்னாடி எங்களுக்குப் போன் பண்ணுங்க” என்று சொல்லி எண்ணை எழுதிக்கொடுக்கிறார்கள். அந்தப் போனை எடுப்பவருக்கு, ‘லேசான காய்ச்சல்தானே’ என்று சொல்லாதிருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் எந்தக் கல்லூரியில் கற்பது? பொதுவான நர்ஸிங் படிப்பில் ஈசிஜிக்குச் சில வகுப்புகள் கிடைக்கும், அவ்வளவுதான். உலகத்தின் பெரும்பாலான இடங்களில் தாளப் பிரிவு நர்ஸ் உருவாவது பழைய பட்டறை முறையில், தெரிந்தவர் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றுதான். பிறகு விரும்புவோர் எழுதச் சர்வதேசத் தேர்வுகள் உண்டு. இங்கிலாந்தில் 2005-ல் அரசு தன் இதயநோய்த் திட்டத்தில் தாளக் கோளாறுகளுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தது. அதையொட்டி, தாளக் கோளாறுக்கென்றே சிறப்பு நர்ஸ் பதவிகள் அங்கே வளர்ந்தன. பல மருத்துவமனைகளில், மேலறை நடுக்கத்துக்கு ஷாக் கொடுத்துத் தாளத்தைத் திருப்பும் திட்டமிட்ட சிகிச்சையை, முதல் சந்திப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்வரை நர்ஸே நடத்துகிறார். ரோஸ் பின்னியோவின் காலத்தில் அவசரத்துக்குக் கிடைத்த பொத்தான், இப்போது நாள் குறித்து அழுத்தும் பொத்தானாகிவிட்டது.

பயன் உண்டா என்று அளந்தும் பார்த்தார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மேலறை நடுக்கமுள்ள 712 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நர்ஸ் நடத்தும் சிறப்பு மருத்துவப் பிரிவுக்கும், மறுபாதியை வழக்கமான இதய மருத்துவரிடமும் அனுப்பினார்கள். நர்ஸுக்குத் துணையாக வழிகாட்டும் கணினி நிரலும் மேற்பார்வைக்கு இதய மருத்துவரும் இருந்தார்கள். 2012-ல் வெளியான முடிவு: இதயக் காரணத்தால் மருத்துவமனையில் சேர்வது அல்லது இறப்பது, நர்ஸ் பிரிவில் நூற்றுக்கு 14.3, வழக்கமான சிகிச்சையில் 20.8. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு 1,300-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பல மருத்துவமனைகளில் திரும்பச் செய்தபோது, மொத்தத்தில் அந்த வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. ஏற்கெனவே அனுபவமுள்ள மையங்களில் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முதல் ஆய்வைவிட இந்த இரண்டாவதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அறைக்கதவில் ‘நர்ஸ் நடத்தும் பிரிவு’ என்று பலகை மாட்டினால் போதாது. உள்ளே இருப்பவர் பல வருடம் அதையே செய்து பழகியவராக இருக்க வேண்டும்.

பழகியவரைக் கூட ஒரு எண்ணிக்கைக்கு மேல் பிழிய முடியாது. மெல்ட்ஸரும் பின்னியோவும் வேலை பார்த்த அதே ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா எய்க்கன் குழு 168 மருத்துவமனைகளின் அறுவைச் சிகிச்சை நோயாளிகளைக் கணக்கெடுத்து 2002-ல் எழுதியது: ஒரு நர்ஸ் பார்க்கவேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 கூடுகிறது. ஏன் என்பதற்குக் கருவிகளே ஒரு விடை சொல்கின்றன. சான்ஃபிரான்சிஸ்கோவில் பார்பரா ட்ரூ என்ற நர்ஸிங் பேராசிரியரின் குழு ஐந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் 77 படுக்கைகளில் 31 நாள் அலாரங்களை எண்ணியது. இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல்! காதில் விழுபவை மட்டும் ஒரு படுக்கைக்கு ஒரு நாளில் 187, அதாவது எட்டு நிமிடத்துக்கு ஒன்று. தாளக் கோளாறு என்று அலறியவற்றில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டதை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது நூற்றுக்கு 88.8 பொய். புலி வருது கதைதான். ஒரு படுக்கையின் பொய் அலாரத்தை அணைக்கப் போகும் நர்ஸ், இன்னொரு படுக்கையின் நிஜ அலாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு பொத்தான்களைப் பற்றிப் பேசினோம், அணைக்கும் பொத்தான் ஒன்றும் உண்டு. மார்புக்குள் ஐ.சி.டி. என்ற கருவி வைத்தவர்களுக்கு, ஆபத்தான தாளம் வந்தால் கருவி உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும். அது பல வருடம் ஒருவரைக் காப்பாற்றியிருக்கும். பிறகு அவருக்குப் புற்றுநோய் முற்றிக் கடைசி நாட்கள் வந்தால், அப்போதும் அது தன் வேலையைச் செய்யும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அடங்கிக்கொண்டிருக்கும் உடம்பு, மறுபடி மறுபடி தூக்கிப்போடும். ஆகவே ஷாக் கொடுக்கும் பகுதியை முன்கூட்டியே அணைத்துவைக்கலாமா என்று யாராவது பேச வேண்டும். அவசரமென்றால் மார்பின் மேல் ஒரு காந்த வளையத்தை வைத்தால், பெரும்பாலான கருவிகளில் அது இருக்கும்வரை ஷாக் நிற்கும், இதயத்தை நடத்தும் பேஸ்மேக்கர் வேலை மட்டும் தொடரும். அணைத்தால் உடனே உயிர் போய்விடாது என்பதைக் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கொருமுறை கருவியைச் சோதித்து, பெயர் சொல்லி விசாரித்துப் பழகிய நர்ஸ்தான் பல இடங்களில் இந்தப் பேச்சைத் தொடங்குகிறார்.

இதற்கிடையே பலூனின் காலமும் மாறிக்கொண்டிருக்கிறது. 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அமெரிக்க அரசு அனுமதித்த புதிய கருவிகள் சூட்டையோ குளிரையோ நம்புவதில்லை. மிகக் குறுகிய மின்துடிப்புகளால் இதயத் தசையின் செல்களில் நுண்துளைகள் போட்டே அவற்றை முடிக்கின்றன. பக்கத்து நரம்புக்கும் உணவுக்குழாய்க்கும் சேதம் மிகக் குறைவு. வேலையும் சீக்கிரம் முடிகிறது. ஆனால் அந்த மின்துடிப்புகள் பல தடவை பாயும்போது ரத்தச் சிவப்பணுக்களும் கொஞ்சம் உடைகின்றன. உடைந்ததன் நிறமி சிறுநீரகத்தில் போய் அடைக்கலாம். நரம்புக்கு ஆபத்து குறைந்ததால், அதைத் தட்டிக்கொண்டே இருக்கும் குழாய் பல அறைகளில் இப்போது இல்லை. வயிற்றின் மேல் கையும் இல்லை. சிகிச்சை முடிந்த அன்று மாலை, அதே நர்ஸ் கட்டிலருகே குனிந்து, கீழே தொங்கும் மூத்திரப் பையை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, டீத்தண்ணி நிறம் தெரிகிறதா என்று பார்க்கிறார்.